கல்மண்டபத்தில் ஒரு பந்தய எஞ்சின்

துறைமுக ஏலத்தில் பெட்டியைத் திறந்து காட்ட மாட்டார்கள். வெளியே எழுதியிருப்பதை நம்பித்தான் கேட்க வேண்டும். சண்டைக் காலத்தில் கப்பலில் வந்து, எடுத்துப் போக ஆள் வராமல் கிடங்கிலேயே கிடந்த சாமான்கள் அவை. அதில் ஒரு பெட்டி ஆள் நீளத்துக்கு இருந்தது. மேலே 'இயந்திரம்' என்று மட்டும் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் என்று முடிவு செய்தார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை, அவராகவே முடிவு செய்தார். எங்கள் ஊர்ப் பக்கம் மாடு கட்டி இறைக்கிற கமலை போய் பம்பு எஞ்சின் வந்துகொண்டிருந்த காலம். ஒரு பம்பு எஞ்சினை விற்றால் மூன்று லாரியை உடைத்து விற்ற லாபம் என்பார். கடையில் இருந்த முதல் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் போயிற்று.

அந்த முதல் எங்களுடையதும் அல்ல, என் அண்ணனுடையது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கொத்தவால் சாவடியில் அண்ணனுக்குக் கொத்தமல்லி, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். என் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே ஊரிலிருந்து வந்து அந்தக் கடையில் நின்றவர். அங்கேயே சாப்பாடு, மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. கல்லாவில் ஒரு தம்பிடி குறைந்ததில்லை என்பதைப் பார்த்து அண்ணன் என்னை அவருக்குக் கட்டி வைத்தார். ஆனால் கடைப் பையனுக்குத் தங்கையைக் கொடுத்தான் என்று ஊர் பேசக் கூடாதே. அதற்காகத்தான் ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு பழைய இரும்புக் கடை வைத்துக் கொடுத்தார். முன்னால் கடை, பின்னால் ஒரே அறையில் நாங்கள். கடல் காற்றில் சாமான் எல்லாம் துருவேறும். துருவேறினால் என்ன, கடை என்று ஒன்று இருந்தது, அதற்கு அவர் சொந்தக்காரர்.

பெட்டியை உடைத்தது எங்கள் கடைக்கு வந்துபோகும் கொருக்குப்பேட்டை பிட்டர். ரயில்வேயில் வேலை பார்த்து நின்றவர். லாரி எஞ்சின்களைக் கழற்றிக் கொடுக்க நாங்கள் கூப்பிடுகிற ஆள். எண்ணெய்க் காகிதத்தைக் கிழிக்கக் கிழிக்க, கிரீஸ் பூசிய ஒரு சாமான் வெளியே வந்தது. அத்தனை நீளத்துக்கு நான் எஞ்சின் பார்த்ததில்லை. முக்கால்வாசி அலுமினியம். பிட்டர் ஒரு பக்கம் குந்தி, மறு பக்கம் குந்தி, கடைசியில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

"எட்டு சிலிண்டரு வரிசையா கீது நைனா. பம்பும் இல்ல, லாரியும் இல்ல. இது இன்னான்னு எனக்கே தெர்ல."

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. நான்தான் திட்டிக்கொண்டே இரண்டு பேர் சோற்றையும் எடுத்து வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் பேசும். அன்றைக்கு நன்றாகவே பேசிற்று.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று சொன்னார்கள். லாரிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டு, இதை வைக்க வேண்டுமானால் வண்டியை இன்னொரு வண்டி நீளத்துக்கு இழுக்க வேண்டும் என்றார். அரிசி மில்காரர் ஒருவர் ஆசையாக வந்து, இது குடிக்கிற பெட்ரோலுக்கு நெல்லையே விற்கலாம் என்று பிட்டர் சொன்னதும் போய்விட்டார். ஆகாய விமான எஞ்சின், போலீஸுக்குத் தெரிந்தால் உள்ளே தள்ளிவிடுவான் என்று பக்கத்துக் கடைக்காரர் பயமுறுத்தினார். அதிலிருந்து என் வீட்டுக்காரர் அதன் மேல் கோணியைப் போட்டு மூடி வைத்தார். விடாமல் வந்துகொண்டிருந்தவர் ஒருவர்தான். திருவொற்றியூர் சாலையில் அலுமினியப் பாத்திரம் வார்க்கிறவர். வருவார், கோணியைத் தூக்குவார், மோதிர விரலால் தட்டிப் பார்ப்பார், நல்ல ஜாதி அலுமினியம், எடைக்குப் போட்டுவிடுங்கள் என்பார். அவர் சொன்ன எடை விலைக்குப் போட்டால் ஏலம் எடுத்ததில் கால்வாசி கூடத் தேறாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அண்ணன் கடைக்கு வந்தார். நின்றபடியே கோணியைப் பார்த்தார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம், அதற்குள் இது போகாவிட்டால் கடையை மூடிவிட்டு மாப்பிள்ளை நம்ம கடைக்கே வந்துவிடட்டும், சாவடியில் ஆள் பற்றவில்லை என்று என்னிடம் சொன்னார். அவரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வயது நாற்பதைத் தொட்டிருந்தது. மறுபடியும் போய் மல்லி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்பதா? அவர் கோணியை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார்.

ஐப்பசி மழை நின்ற ஒரு நாள் துறைமுகத்தில் வேலை பார்க்கும் சட்டைக்கார இன்ஜினீயர் ஒருவர் பித்தளை வால்வு தேடி வந்தார். ஆங்கிலோ-இந்தியர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கோணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பார்த்துவிட்டு வால்வைக் கீழே வைத்தார். கோணியை எடுக்கட்டுமா என்று கேட்கக்கூட இல்லை, எடுத்துவிட்டார். பிறகு வெள்ளைக் கால்சட்டையோடு எங்கள் எண்ணெய்த் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் மண்ணெண்ணெய்யும் துணியும் கேட்டார். நான் என் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தேன்.

அவர் துடைக்கத் துடைக்கத்தான் அந்தச் சாமானை நாங்களே முதல் தடவை பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். தலைக்கு மேலே நீளமாக இரண்டு மூடிகள். பக்கத்தில் பீப்பாய் மாதிரி ஒன்று. அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும், அதனால் எஞ்சினுக்கு இரட்டிப்பு மூச்சு என்றார். ஒரு காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் கிரீஸை நகத்தால் சுரண்டினார். சின்னச் சின்னதாக எண்கள் தெரிந்தன. அவருக்குக் கிட்டப் பார்வை சரியில்லை போலிருக்கிறது, என்னைப் படிக்கச் சொன்னார். நான் மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். நானும் மண்டியிட்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, அவர் சிகரெட் அட்டையைக் கிழித்து அதில் எழுதிக்கொண்டார்.

"நீ என்ன வச்சிருக்கே தெரியுமா மேன்? இது ரேஸ் எஞ்சின். இட்டலியிலே செஞ்சது. மொத்தமா செஞ்சதே கொஞ்சம்தான்."

சண்டைக்கு முன்னால் ஏதோ ஒரு சமஸ்தானத்து ராஜா பந்தயக் கார் வாங்கினாராம். அதற்கு மாற்றாக இன்னொரு எஞ்சினுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். அது வந்து இறங்கிய நேரம் ஜப்பான்காரன் குண்டு போடுகிறான் என்று மதராஸே காலியானது. ராஜாவும் போய்ச் சேர்ந்தார். அந்தக் கார் கைமாறி இப்போது கோயம்புத்தூர் மில் முதலாளி வீட்டுப் பிள்ளை ஒருவரிடம் இருக்கிறது. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் விடும்போது அதன் எஞ்சின் வெடித்துப் போயிற்று. உலகம் முழுக்க அவர் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். கேட்கிற விலையைக் கொடுப்பார் என்றார் இன்ஜினீயர். வருகிற சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன், அதுவரை வேறு யாருக்கும் கொடுக்காதே, ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதே, துடைத்து மட்டும் வை என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த வால்வை மறந்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பாத்திரம் பேசவில்லை. நான் பாடினேன். கோயிலில் பாடுகிறதைத்தான் அடுப்பங்கரையில் பாடினேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். கடைக்குப் பெயர்ப்பலகை ஒன்று எழுத வேண்டும் என்றார், இத்தனை வருஷமும் இல்லாத ஆசை. எஞ்சினின் ஒரு போல்ட்டைக்கூட அவர் தொடவில்லை. நல்ல விலை கொடுக்க வருகிறவருக்கு நல்லபடியாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பிட்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் தெருவின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். அப்போது ஓடிய லாரிகளில் பாதி, பட்டாளத்தார் கழித்துப் போட்டவை. லாரியின் பதிவுப் புத்தகத்தில் ஓர் எஞ்சின் நம்பர் இருக்கும். அந்த எஞ்சின் செத்துப்போனால் எங்களிடம் வந்து வேறு எஞ்சின் வாங்குவார்கள். வாங்கிய எஞ்சினில் வேறொருவன் நம்பர் இருந்தால் வழியில் மறிக்கிற போலீஸ்காரனுக்குப் பதில் சொல்லி மாளாது. ஆகவே பழைய நம்பரை அரம் போட்டு ராவி, அந்த இடத்தை வழவழப்பாக்கிக் கொடுப்பது கடைக்காரன் பொறுப்பு. வாங்குகிறவர் தன் புத்தகத்து நம்பரை அதில் அடித்துக்கொள்வார். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது, தெருவில் வைத்தே செய்வார்கள். காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு, எஞ்சின் வாங்கினால் நம்பர் ராவுவது கொசுறு. அடுத்தவன் நம்பரோடு எஞ்சினை விற்கிற கடைக்காரனைத்தான் எங்கள் தெருவில் ஏமாற்றுக்காரன் என்பார்கள்.

பிட்டர் தன் நல்ல அரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். லாரி எஞ்சினுக்கு அதை எடுக்க மாட்டார். காலையில் ஆரம்பித்து அவசரப்படாமல் ராவினார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவித் துடைத்தார். என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே குந்தியிருந்தார். நான் இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். வைத்துப் பார்த்தேன். முகம் பார்க்கலாம் போல இருந்தது. அழகாகத்தான் இருக்கிறது என்றேன். எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

சனிக்கிழமை பெரிய கார் ஒன்று வந்து நின்றது. கல்மண்டபமே வேடிக்கை பார்த்தது. கோயம்புத்தூர்க்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பிள்ளை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, நல்லா இருக்கீங்களா என்றார். இன்ஜினீயர்தான் கோணியை எடுத்தார். அந்தப் பிள்ளை எஞ்சினைச் சுற்றி வந்து, பீப்பாயைத் தடவி, மேல் மூடியைத் தடவி, இதேதானுங்க என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, நான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆயிற்று, கடை பிழைத்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போது அந்தப் பிள்ளை நம்பரைப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். இன்ஜினீயர் உற்சாகமாகக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கட்டை விரலால் அந்த வழவழப்பான இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் மெச்சிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். நம்பர் எங்கே என்று இன்ஜினீயர் மெதுவாகக் கேட்டதும், அது வேறு யாரோ ஒருவர் நம்பர்தானே சார், உங்களுக்கு எதற்கு அந்தத் தொல்லை, சுத்தமாக ராவி வைத்துவிட்டேன் என்றார் என் வீட்டுக்காரர்.

இன்ஜினீயர் முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. பையிலிருந்து சிகரெட் அட்டையை எடுத்து, இந்த நம்பர் இருந்தது, நானே என் கையால் எழுதினேன் என்று அந்தப் பிள்ளையிடம் நீட்டினார். அந்தப் பிள்ளை அட்டையைப் பார்த்தார், வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்பது அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு உறைத்தது. இவர்களுக்கு நம்பர் வேண்டுமாம், இவ்வளவுதானே என்று அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

"நம்பர்தானே சார் வேணும்? அந்த அட்டையில இருக்கதையே அடிச்சிக் குடுத்திருவோம். அரை மணி நேரத்து வேலை. பிட்டர் இங்கனதான் இருக்காரு."

பிட்டர் தலையை ஆட்டிக்கொண்டு, ஆமாம், எழுத்துக்கூட அதே சைஸில் அடிக்கலாம் என்று சேர்த்துச் சொன்னார். அந்தப் பிள்ளை அட்டையை இன்ஜினீயர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இவங்களும் நீங்களும் எத்தன நாளாப் பழக்கமுங்க?"

குரலை உயர்த்தவே இல்லை. இன்ஜினீயர் என்னவெல்லாமோ சொன்னார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். உள்ளேயும் நம்பர் இருக்கும், ஒரு நாள் பொறுத்தால் திறந்து காட்டலாம் என்று கெஞ்சினார். வெளியே ராவினவர்களுக்கு உள்ளே அடிக்க எவ்வளவு நேரம் ஆகுமுங்க என்று அந்தப் பிள்ளை கேட்டார். எங்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். இன்ஜினீயரை அந்தக் காரில் கூப்பிடவில்லை. அவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். என்னிடம் மட்டும் வந்து, அந்த நம்பர் இருந்தால்தானம்மா இது அந்த எஞ்சின், இல்லாவிட்டால் திருட்டுச் சாமானாக இருக்கலாம், நாலு எஞ்சினைச் சேர்த்துச் செய்ததாகவும் இருக்கலாம், இனிமேல் யாரும் தொட மாட்டார்கள் என்றார். நடந்தே போனார். அதற்குப் பிறகு எங்கள் கடைப் பக்கம் அவர் வந்ததில்லை.

எனக்கு அன்றைக்கு யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. கழற்றாதே என்று சொல்லத் தெரிந்த மனிதனுக்கு ராவாதே என்று சொல்லத் தெரியவில்லையே என்று முதலில் இன்ஜினீயரைத் திட்டினேன். நம்பரை ராவுவார்கள் என்று அவர் கனவா கண்டார்? அவர் உலகத்தில் அது கொலை மாதிரி. எங்கள் உலகத்தில் அது உபசாரம். பிறகு அந்தப் பணக்காரப் பிள்ளையைத் திட்டினேன். அவரும் என்ன செய்வார், முன்பின் தெரியாத ஆட்களை நம்பி அவ்வளவு பணத்தை எப்படிக் கொட்டுவார். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனால் கோபம் அழுகையாகிவிடுகிறது. என் வீட்டுக்காரரோ, ராவினது சரியில்லை போலிருக்கிறது, இன்னும் கொஞ்சம் நைசாக்கியிருக்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் உட்கார வைத்து இன்ஜினீயர் சொன்னதை விளக்கினேன்.

"அப்போ நம்மளக் களவாணின்னு நெனச்சிட்டா போயிருக்காவ?"

கல்லாவில் ஒரு தம்பிடி எடுக்காதவர் கேட்ட கேள்வி அது. ஆமாம் என்றுதான் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாத்திரம் வார்க்கிறவர் வந்தார். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது, பழைய விலையிலிருந்தும் இறங்கித்தான் கேட்டார். கொடுத்துவிட்டோம். முழுசாகக் கை வண்டியில் ஏறாது என்று அவருடைய ஆட்கள் வாசலிலேயே போட்டுச் சம்மட்டியால் உடைத்தார்கள். அலுமினியத்தை அவர்கள் எடுத்துக்கொள்ள, உள்ளே இருந்த எஃகுச் சாமான்கள் எங்களுக்கு என்று பேச்சு. என் வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. பிட்டர்தான் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டார். பிஸ்டனைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பி ஒன்றைக் கையில் எடுத்தவர், அதை வேட்டியில் துடைத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து, இது இன்னா நம்பரு, படிச்சு சொல்லும்மா என்றார். எண்ணெய்க்கு அடியில் துரு ஏறாமல், தெளிவாக இருந்தது. நான் அன்று மண்டியிட்டுப் படித்த அதே நம்பர். இன்னொரு கம்பியைத் துடைத்தோம். அதிலும் அதே நம்பர். எட்டிலும் இருந்தது. அதற்குள் மற்றதெல்லாம் வண்டியில் ஏறி, வண்டி திருவொற்றியூர் சாலையில் திரும்பிவிட்டது. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்று பிட்டரிடம் சொல்லத் திரும்பினேன். என் வீட்டுக்காரர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

புது வருஷம் பிறந்ததும் கடையை மூடினோம். அண்ணன் நல்லவர்தான், ஒரு சொல் சொல்லவில்லை. சாவடிக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். கொஞ்ச நாள் நான் அண்ணன் கடைப் பக்கமே போகவில்லை. வீட்டில் மல்லி தீர்ந்துபோன ஒரு காலையில் போக வேண்டியதாயிற்று. கடையில் நல்ல கூட்டம். என் வீட்டுக்காரர் தராசுக்குப் பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வந்ததைப் பார்த்தார். கை தராசை விடவில்லை. கல்லாவில் இருந்த என் அண்ணன் பக்கம் திரும்பி, கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"முதலாளி, உங்க தங்கச்சி வந்திருக்காவ."